மெட்ரோ வந்தால் மனை விலை ஏறுமா? எந்தத் தெரு என்று கேளுங்கள்

சென்னையில் வீட்டுமனை விளம்பரம் எதைப் பார்த்தாலும் அதில் ஒரு நிமிடக் கணக்கு இருக்கும். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கு 10 நிமிடம், வரப்போகும் மெட்ரோ நிலையத்துக்கு 5 நிமிடம், பரந்தூர் விமான நிலையத்துக்கு 15 நிமிடம். நிலத்தடி நீர் எத்தனை அடியில், மழைக்குத் தண்ணீர் தேங்குமா என்று ஒரு வரிகூட இருக்காது. விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு வியாபாரம் தெரியும். நகரத்தில் மனை வாங்குகிறவர் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி, அங்கிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் கடைக்கும் மருத்துவமனைக்கும் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரலாம் என்பதற்கான விலை.

அரசு ஒரு பாலமோ ரயில் பாதையோ பேருந்து முனையமோ கட்டும்போது அந்த நேரம் மாறுகிறது. மனை விலையும் அதையொட்டி மாறுகிறது. அடிப்படை இவ்வளவுதான். எவ்வளவு மாறும், எப்போது மாறும், எந்தத் தெருவில், யாருக்கு லாபமாக என்று கேட்கத் தொடங்கினால்தான் சிக்கல் தெரியும். முதல்முறை வீடு வாங்குகிறவர்கள் இடறுவதும் அங்கேதான்.

ஏறுவது வீடா, நிலமா?

கட்டடத்துக்கு வயது உண்டு. கம்பி துருப்பிடிக்கும், தளம் ஒழுகும், சுவர் பூத்துப்போகும். ஆண்டுக்கு ஆண்டு அதன் மதிப்பு இறங்கிக்கொண்டேதான் போகும். அப்படியிருந்தும் அசோக் நகரிலோ பெசன்ட் நகரிலோ 40 ஆண்டுப் பழைய அடுக்குமாடி வீட்டுக்கு நல்ல விலை சொல்கிறார்கள் என்றால், விலை அந்த வீட்டுக்குரிய நிலப் பங்குக்குத்தான். பத்திரத்தில் பிரிபடாத பாகம் என்று எழுதியிருக்கும். தரகர்கள் யூடிஎஸ் என்பார்கள். ஒரே தெருவில் ஒரே அளவுள்ள இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு 600 சதுர அடி நிலப் பங்கும் இன்னொன்றுக்கு 300 சதுர அடியும் இருந்தால், வட்டாரத்துக்கு வரும் விலையேற்றத்தில் இரண்டாவது வீட்டுக்காரருக்குக் கிடைப்பது ஏறக்குறைய பாதிதான். பளபளக்கும் புதிய உயர்மாடிக் கட்டடங்களில் நிலப் பங்கு சிறியதாகவே இருக்கும். மெட்ரோ வந்தால் விலை ஏறும் என்று நம்பி அதில் வீடு வாங்குகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டிய எண் இது. பலரும் பார்ப்பதில்லை.

நிலத்தின் மதிப்பை மாற்ற ஒரு செங்கல்லைக்கூட எடுத்து வைக்கத் தேவையில்லை, விதியை மாற்றினாலே போதும். ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதைத் தளப்பரப்புக் குறியீடு தீர்மானிக்கிறது. சென்னையில் சாதாரணக் கட்டடங்களுக்கு நெடுங்காலம் 1.5 ஆக இருந்த இந்தக் குறியீடு, 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 2 ஆக இருக்கிறது. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. முன்பு அதில் 3,600 சதுர அடி கட்டலாம், இப்போது 4,800. நிலத்தின் சொந்தக்காரர் ஒன்றுமே செய்யாமல் அவருடைய மனையில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கட்ட இடம் கிடைத்துவிட்டது. அதற்கு மேலும் கட்டணம் செலுத்திக் கூடுதல் பரப்பு வாங்கலாம். எவ்வளவு வாங்கலாம் என்பது மனைக்கு முன்னால் இருக்கும் சாலையின் அகலத்தைப் பொறுத்தது. அகலச் சாலை மனைக்கும் அதன் பின்னால் குறுகிய சந்தில் இருக்கும் மனைக்கும் விலையில் அவ்வளவு வித்தியாசம் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வாடகையில் 3,000, விலையில் 12 லட்சம்

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு வீட்டுக்கு மாத வாடகை 15,000 ரூபாய். ஆண்டுக்கு 1,80,000. அந்த வட்டாரத்தில் வாங்குகிறவர்கள், போடும் முதலுக்கு ஆண்டுக்கு 3 சதவீதம் வாடகை வந்தால் போதும் என்று நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வீட்டின் விலை 60 லட்சம். இப்போது நடக்கும் தூரத்தில் ரயில் நிலையம் வருகிறது. அலுவலகம் போக ஒன்றரை மணி நேரம் ஆனது முக்கால் மணியாகக் குறைகிறது. குடியிருக்க வருகிறவர்கள் 18,000 கொடுக்கத் தயாராகிறார்கள். ஆண்டுக்கு 2,16,000. அதே 3 சதவீதக் கணக்கில் விலை 72 லட்சம்.

மாதத்துக்கு 3,000 ரூபாய் வசதி, விலையில் 12 லட்சமாக நிற்கிறது. வரப்போகும் பல்லாண்டுகளின் வசதியை மொத்தமாகக் கூட்டி இன்றைக்கே விலையில் ஏற்றிவிடுகிறார்கள். கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் எச்சரிக்கை தெரியும். மெட்ரோ வரப்போகிறது என்று சொல்லி விற்பவர் 90 லட்சம் கேட்கிறார். அதே தெருவில் வாடகை 15,000-லேயே நிற்கிறது என்றால், மேலே கேட்கும் 30 லட்சமும் இன்னும் வராத ரயிலுக்கான முன்பணம்.

சாலையோ ரயிலோ வந்தால் மட்டும் போதாது, அது போகும் இடத்தில் வேலையும் இருக்கவேண்டும். பழைய மகாபலிபுரம் சாலை இதற்கு நல்ல பாடம். தரமணியில் டைடல் மென்பொருள் பூங்கா 2000-இல் திறக்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டுகளில் சாலை ஆறு வழியானது. பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று மென்பொருள் நிறுவனங்கள் தெற்கே வரிசையாக வந்து அமர்ந்தன. அங்கே விலையை ஏற்றியதில் சாலைக்குப் பங்கு உண்டு, ஆனால் பெரும்பங்கு வேலைக்கு. வேலை இல்லாத இடத்துக்குப் போகும் அகலச் சாலை, அங்கே இருப்பவர்கள் வெளியே போக மட்டுமே உதவும். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை சுமார் 62 கிலோமீட்டருக்கு வெளிவட்டச் சாலை போட்டிருக்கிறார்கள். அந்தச் சாலையில் ஒருமுறை முழுவதும் போய்ப் பாருங்கள். கட்டடம் நெருக்கமாக எழுந்த இடங்களும் உண்டு. எல்லைக்கல் மட்டும் நட்ட மனைப்பிரிவுகளில் புல் முளைத்துக் கிடக்கும் இடங்களும் உண்டு. சாலை ஒன்றேதான்.

விலை எப்போது ஏறுகிறது?

திட்டம் திறக்கப்படும் நாளில் விலை எகிறும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடப்பது வேறு. ஏற்றத்தின் பெரும்பகுதி அதற்கு வெகு முன்பே, அறிவிப்பு வரும் காலத்திலேயே நடந்து முடிந்துவிடும். சிலசமயம் அறிவிப்புக்கும் முன்னால், வதந்தி நிலையிலேயே தொடங்கிவிடும். முதலில் வாங்குகிறவர்கள் விஷயம் முன்கூட்டித் தெரிந்தவர்கள் அல்லது துணிந்தவர்கள். செய்தி நாளிதழில் வரும்போது அவர்கள் விற்கத் தயாராக இருப்பார்கள். நாம் நாளிதழ் படித்துவிட்டுப் போகிறவர்கள்.

பிறகு காத்திருப்புக் காலம். திட்டம் தாமதமாகும் என்பதைச் சென்னைவாசிகளுக்குச் சொல்லத் தேவையில்லை என்றாலும், எவ்வளவு தாமதமாகலாம் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். பறக்கும் ரயில் 2007-இல் வேளச்சேரி வரை வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர். அந்த நீட்டிப்பு, ஆதம்பாக்கம் பக்கம் கடைசி அரைக் கிலோமீட்டர் அளவுக்கான நிலப் பிரச்சினையில் பத்தாண்டுகளுக்கும் மேலாக இழுபட்டது. தூண்கள் நின்றன, பாதை நின்றது, ரயில் இல்லை. இரண்டாவது, துறைமுகம் - மதுரவாயல் உயர்மட்டச் சாலை. 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-இல் வேலை நின்றது. கூவத்தில் மொட்டைத் தூண்கள் பல ஆண்டுகள் நின்றன. பிறகு ஈரடுக்குச் சாலையாகத் திட்டத்தையே மாற்றி 2022-இல் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். முதல் அடிக்கல்லை நம்பி 20 ஆண்டு வங்கிக் கடனில் வீடு வாங்கியவருக்கு, இரண்டாவது அடிக்கல் நாட்டும்போது கடனில் பாதிக் காலம் கடந்திருக்கும். வட்டி மட்டும் எந்த நீதிமன்றத் தடைக்கும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

மெட்ரோவின் முதல் கட்டம் இவற்றோடு ஒப்பிட்டால் நல்ல பிள்ளை. 2009-இல் கட்டுமானம் தொடங்கி, கோயம்பேடு - ஆலந்தூர் பகுதி 2015 ஜூனில் திறந்தது. விம்கோ நகர் வரை முழுமையானது 2021-இல். இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்கள், 115 கிலோமீட்டருக்கு மேல். 63,246 கோடி ரூபாய் மதிப்பிலான அந்தத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபரில்தான் வந்தது. அதற்குள் நகரம் முழுக்கத் தோண்டியாகிவிட்டது.

தோண்டும் காலம் தனிக் கதை. ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை நடந்த ஆண்டுகளில் வடபழனியிலிருந்து போரூர் வரை போனவர்களுக்கு அது தெரியும். சாலையின் நடுவில் தகரத் தடுப்பு, மீதமிருக்கும் ஒற்றைத் தடத்தில் பஸ்ஸும் தண்ணீர் லாரியும், கடை வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. வண்டி நிறுத்த முடியாத பாத்திரக் கடைக்கு யார் போவார்கள்? அப்படிப்பட்ட சாலையில் கடை வைத்திருப்பவருக்கு ஐந்தாறு ஆண்டுகள் கழித்து வரப்போகும் விலையேற்றத்தால் இந்த மாத வாடகையைக் கட்ட முடியாது. அதனால், திட்டம் முடியும்போது ஏற்றம் வரும் இடத்தில்கூட நடுவில் ஒரு பள்ளம் விழும். கடை வாடகை முதலில் இறங்கும். அவசரமாக விற்கவேண்டியவர்கள் குறைத்து விற்பார்கள். கையில் பணமும் பொறுமையும் உள்ளவர்கள் வாங்கும் காலம் அதுதான். பணம் உள்ளவனிடமே பணம் சேர்வது இப்படிச் சத்தமில்லாமலும் நடக்கும்.

வட்டாரம் ஒன்று, தெரு வேறு

'வேளச்சேரியில் விலை ஏறிவிட்டது' என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். வேளச்சேரியில் எந்தத் தெரு? 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளம் மூழ்கிய தெருவா, மேட்டில் இருந்த தெருவா? இரண்டுக்கும் ரயில் நிலையம் ஒரே தூரத்தில் இருக்கலாம். விலை ஒன்றாக இருக்காது.

ஒரு திட்டத்தின் பக்கத்தில் இருப்பது நல்லது, மேலேயே ஒட்டி இருப்பது நல்லதல்ல. மேம்பாலம் நகரத்துக்கே நேரத்தை மிச்சப்படுத்தும். அதன் கைப்பிடிச் சுவருக்கு நேராக முதல் மாடி ஜன்னல் இருக்கும் வீட்டுக்காரருக்கு இரவும் பகலும் இரைச்சல், ஜன்னல் திறந்தால் புழுதி. பாலம் ஏறுமிடத்தில் இருக்கும் கடைகளை வண்டிகள் தாண்டிப் போய்விடும். இரண்டு தெரு தள்ளி உள்ளே இருக்கும் வீட்டுக்கு இரைச்சல் கேட்காது, சௌகரியம் மட்டும் கிடைக்கும். ரயில் நிலையத்துக்கும் இப்படித்தான். வெயிலிலும் மழையிலும் நடந்து போகக்கூடிய தூரம் வரைக்கும்தான் நிலையத்தின் பலன் முழுதாகக் கிடைக்கும். வரைபடத்தில் அளக்கும் நேர்கோட்டுத் தூரத்தை நம்பவேண்டாம். நடுவில் ரயில் தண்டவாளமோ கால்வாயோ ஜிஎஸ்டி சாலை போன்ற நெடுஞ்சாலையோ குறுக்கே வந்தால் 400 மீட்டர் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆகிவிடும்.

பெரிய திட்டங்களைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். சென்னையில் சத்தமில்லாமல் வீட்டு விலையைக் குறைக்கும் திட்டம் ஒன்று உண்டு: சாலை போடுவது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய தாரைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு முறையும் தெரு சில அங்குலம் உயரும். கட்டும்போது தெருவைவிட இரண்டு படி மேலே இருந்த வாசல், சில தடவைகளுக்குப் பிறகு தெரு மட்டத்துக்கு வரும். பிறகு தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்கிப் போகவேண்டியிருக்கும். மழை பெய்தால் தெருத் தண்ணீர் கார் நிறுத்துமிடத்தில், அப்புறம் கூடத்தில். பழைய குடியிருப்புத் தெருக்களில் போனால் வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரச் சிமெண்ட் கட்டை ஒன்றைப் பார்க்கலாம். வீட்டுக்காரர் தண்ணீருக்குப் போட்ட அணை. சில குடும்பங்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகின்றன. சுரண்டிய பிறகே சாலை போடவேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவிடும் அளவுக்கு இந்த விவகாரம் போனது. புதுச் சாலை போட்டிருக்கிறார்கள் என்று தரகர் மகிழ்ச்சியோடு காட்டினால், நீங்கள் வாசற்படியைப் பாருங்கள்.

ஓரிடத்துக்கு வருவது ஓரிடத்திலிருந்து போவது

கோயம்பேட்டிலிருந்து புறப்பட்ட தென்மாவட்டப் பேருந்துகளுக்கான கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. ஊரப்பாக்கம், வண்டலூர், கூடுவாஞ்சேரி பக்கம் எத்தனை விளம்பரங்கள் வந்தன என்பதை எல்லாரும் பார்த்தோம். அதே நேரத்தில் கோயம்பேட்டில், தென்மாவட்டப் பயணிகளை நம்பியிருந்த தங்கும் விடுதி, சாப்பாட்டுக் கடை, பழக்கடைகளின் நிலையை விளம்பரம் சொல்லாது. கோயம்பேடும் இப்படி வளர்ந்த இடம்தான். ஜார்ஜ் டவுனில் கொத்தவால் சாவடி நெரிசல் தாங்காமல் மொத்தக் காய்கறிச் சந்தையை 1996-இல் அங்கே மாற்றினார்கள். 2002-இல் பேருந்து நிலையமும் வந்தது. ஒரு வட்டாரத்தின் விலை ஏற்றத்தில் ஒரு பகுதி, இன்னொரு வட்டாரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்ததாகவே இருக்கும்.

விலையை இறக்கவே செய்யும் அண்டை வீட்டாரும் உண்டு. பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளின் புகையும் நாற்றமும் காற்று போகும் திசையெல்லாம் விலையில் தெரியும். பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலை நடந்து முடியும்போது அந்தச் சுற்றுவட்டார விலை திருப்பி எழுதப்படும். பெருங்குடிக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருக்கிறது. 2022-இல் அதற்குச் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. 2025-இல் அதன் எல்லைக்குள்ளும் சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்கும் புதிய கட்டுமான அனுமதி தரக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னபோது, அதுவரை 'ஏரிக் காட்சி' என்று விற்கப்பட்ட இடங்கள் ஒரே நாளில் வேறு விதமாகப் பார்க்கப்பட்டன. சதுப்புநிலத்தைக் காப்பாற்றவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வெள்ளநீர் போக வேறு இடமும் இல்லை. வாங்குகிறவர் தெரிந்துகொள்ளவேண்டியது, அனுமதிக் காகிதமும் விலையின் ஒரு பகுதி என்பதை.

அரசுக் கணக்கில் ஒரு விலை, சந்தையில் ஒரு விலை

பத்திரப்பதிவுத் துறை ஒவ்வொரு தெருவுக்கும் வழிகாட்டி மதிப்பு என்று ஒன்றை வைத்திருக்கிறது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் குறைந்தது அந்த மதிப்புக்காவது கட்டவேண்டும். 2017-இல் மாநிலம் முழுவதும் அதை 33 சதவீதம் குறைத்தார்கள். பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தினார்கள். 2023-இல் மதிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். மதிப்பு கூடினால் சந்தை விலை கூடிவிட்டது என்று பொருளல்ல. அது அரசின் கணக்கு.

இதில் வேடிக்கையான ஒரு முடிச்சு இருக்கிறது. செலவை மிச்சம்பிடிக்க, உண்மை விலையைவிடக் குறைத்துப் பத்திரம் எழுதுவது ஊர் வழக்கமாகிவிட்டது. நாளை ஒரு திட்டத்துக்காக அரசு நிலம் எடுக்கும்போது, 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி சந்தை மதிப்பைக் கணக்கிட வழிகாட்டி மதிப்பையும் அந்தப் பகுதியில் முந்தைய மூன்றாண்டுகளில் பதிவான பத்திர விலைகளையும்தான் பார்ப்பார்கள். ஊரே சேர்ந்து குறைத்து எழுதியிருந்தால் இழப்பீடும் குறைந்த அடிப்படையிலிருந்தே தொடங்கும். கையில் வாங்கிய மீதிப் பணத்துக்கு எந்த அலுவலகத்திலும் சாட்சி இல்லை.

யாருக்கு லாபம்?

விலை ஏறினால் விற்கிறவருக்குப் பணம். விற்காமல் அதே வீட்டில் இருக்கிறவருக்கு? பேரன் பேத்திக்கு ஆகும் என்ற நிம்மதி, கூடவே வரியும். 2022-இல் சென்னை மாநகராட்சி சொத்து வரியை உயர்த்தியபோது, நகரின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்குள்ளான வீடுகளுக்கு 50 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 சதவீதமும் கூடியது. ஓய்வூதியம் அந்த வேகத்தில் கூடுவதில்லை.

வாடகைக்கு இருப்பவருக்கு விலையேற்றம் நேரடி நட்டம். ரயில் நிலையம் பக்கத்தில் வருகிறது என்ற செய்தி அவருக்கு நல்ல செய்திதான். 11 மாத ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்காரர் புது வாடகை சொல்லும் வரை. இன்னும் கீழே, பத்திரமே இல்லாமல் கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்களுக்கு நகர மேம்பாடு என்பது, நகரின் தெற்கு விளிம்பில் மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் உள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போய் இறங்கிய லாரி. அவர்கள் காலி செய்த கரையில் பூங்காவும் நடைபாதையும் வந்தால் பக்கத்து அடுக்குமாடியின் விலை ஏறும். விலைப்பட்டியலில் அந்தக் குடும்பங்கள் இழந்த நடக்கும் தூரத்து வேலைக்குக் கணக்கு இருக்காது.

வாங்குவதற்கு முன்

ஒரு திட்டத்தைச் சொல்லி விலை கேட்டால், அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சாத்தியக்கூறு ஆய்வு, அறிவிப்பு, நிதி ஒப்புதல், நில எடுப்பு, கட்டுமானம் என ஒவ்வொன்றும் வேறு வேறு தூரம். பரந்தூர் விமான நிலையம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. ஏகனாபுரம் மக்கள் நிலம் தரமாட்டோம் என்று அப்போதிருந்து போராடிக்கொண்டிருக்கும்போதே சுற்றுவட்டாரத்தில் மனைகள் விற்றுக்கொண்டிருந்தன. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லை 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்ததையும் சிலர் விற்பனை வாக்கியமாக்கிவிட்டார்கள். எல்லைக்குள் வந்துவிட்டதால் மட்டும் தெருவிளக்கு எரியாது, குழாயில் தண்ணீர் வராது.

பட்டா, வில்லங்கச் சான்றிதழ், மனைப்பிரிவு அனுமதி ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டுவதோடு, அந்தச் சர்வே எண்ணில் சாலை விரிவாக்கமோ நில எடுப்போ குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள். ஒரு நவம்பர் மழைக்கு அடுத்த நாள் நேரில் போங்கள். காலை ஒன்பது மணிக்கு அங்கிருந்து உங்கள் அலுவலகத்துக்கு, இன்றைக்கு இருக்கிற பஸ்ஸிலும் சாலையிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அதே தெருவில் காலியாக இருக்கும் வீட்டுக்கு என்ன வாடகை சொல்கிறார்கள் என்று விசாரியுங்கள். வாடகைக்கு வருகிறவர் வராத ரயிலுக்குப் பணம் கொடுக்கமாட்டார். அந்த மாத வாடகையை 12-ஆல் பெருக்கி, விற்பவர் கேட்கும் விலைக்கு அது எத்தனை சதவீதம் என்று போட்டுப் பார்த்தபிறகு பேரத்தைத் தொடங்கலாம்.